முப்பத்தொன்றாம் பக்கத்துச் சிறுத்தை

ஒரு கழுதையை நான் சிறுத்தையாக மாற்றினேன். மந்திரம் எல்லாம் இல்லை, கம்ப்யூட்டரில்தான். செங்கல்பட்டில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு டிடிபி கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், இவைதான் எனக்குச் சோறு போட்டன. அந்தக் கடையில் உட்கார்ந்து நான் செய்த ஒரு காரியத்தால் ஒரு மனிதர் பொய்யர் ஆனார். ஒரு பெண்ணுக்குத் தன் புருஷன் கடைசியாகப் பேசியது போய்ச் சேராமலே போனது. வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அதை நினைத்தால்தான் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

கார்கில் சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு வங்கி. அதன் வாசலில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி கருங்குழிப் பக்கத்து ஆள். ராணுவத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். தினமும் பார்ப்போம், தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் சாயங்காலம் வங்கி மூடிய பிறகு, மூன்று நீள நோட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், இத்த பொஸ்தகமா போடணும். நூறு காப்பி போதும்."

"என்ன அண்ணே, கவிதையா?" என்று கேட்டேன். நாற்பது வயது தாண்டிய ஆள் நோட்டோடு வந்தால் அது கவிதையாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

"கவித இல்ல சார். சண்டையில நடந்தது. எழுதிகினு வந்துகீறேன்."

எனக்கு உடம்பு ஜிவ்வென்று ஆனது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் எழுத்தாளனாக ஆசைப்பட்டவன். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பித் திரும்பி வந்த கவர்களை ஒட்டியே கடையின் ஒரு சுவரை மறைத்திருக்கலாம். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில்கூட 'காலன் கவர்ந்தான்' என்று போடாமல் வேறு ஏதாவது புதிதாகப் போடலாமா என்று கேட்டு, துக்கத்தில் இருக்கிறவர்களிடம் திட்டு வாங்கியவன். அப்படிப்பட்டவன் கையில் ஒரு நிஜப் போர்வீரனின் நோட்டு வந்து விழுந்தால் சும்மா இருப்பானா?

"நூறு காப்பி யாருக்கு அண்ணே?"

"ஒரு ஆளு படிச்சா போதும் சார். மத்ததெல்லாம் சும்மா, பொஸ்தகம்னா நூறாவது போடணுமில்ல."

எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தேன். அந்த ஒரு ஆள் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரண்டு நாளில் மூன்று நோட்டையும் படித்து முடித்தேன். எழுத்து பெரிது பெரிதாக, வலது பக்கம் சாய்ந்து, பேசுவது போலவே எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எனக்கு ஏமாற்றமாக இருந்தது. போரைக் காணோம். இருந்ததெல்லாம் மிருகங்கள்தான்.

மஞ்சள் மூக்குக் காக்கைகளைப் பற்றி நாலு பக்கம். சப்பாத்தி போடும் நேரத்துக்குப் பங்கர் வாசலில் சரியாக வந்து உட்காருமாம். ஒருநாள் வரவில்லை. அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் குண்டு விழ ஆரம்பித்தது. அதற்கப்புறம் சுபேதார்கூடக் காலையில் எழுந்ததும் முதலில் காக்கையைத்தான் தேடுவாராம். இன்னோர் இடத்தில் ஒரு வெள்ளாடு. சண்டை பெரிதாகாத நாட்களில் அந்தப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி மேய வரும். இங்கே ஒருவர் அதன் கழுத்தில் பூட்ஸ் கயிற்றைக் கட்டி அனுப்பினார். மறுநாள் கயிறு அப்படியே இருக்க, பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் அதைச் சுடவில்லை. பெரிய சண்டை வந்ததும் ஆட்டைக் காணோம். அதற்காக இரண்டு நாள் சோறு தின்னப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அந்த நாட்களில் செத்துப்போன ஆட்களைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை.

"அண்ணே, எதிரி எங்கே? நோட்டுல ஒரு இடத்துலயும் வரலையே" என்று கேட்டேன்.

"எதிரிய நான் எங்க சார் பாத்தேன்? மேலேந்து குண்டு வரும், அவ்ளோதான். கண்ணால பாத்ததெல்லாம் இதுங்களத்தான்."

அவருக்கு முன்னும் பின்னுமாக, ராணுவத்தில் இருந்த இன்னும் இரண்டு பேருடைய நினைவுகளை நான் அச்சடித்திருக்கிறேன். ஒருவர் பர்மா சண்டைக்குப் போய் வந்த பெரியவர். அவர் நோட்டில் ஓர் ஆற்றங்கரையில், ஓடி வந்த ஜனங்களோடு ஜனமாகத் தன் முறைக்குக் காத்து நின்ற ஒரு யானை வந்தது. அந்த யானையை அவர் விவரித்திருந்த மாதிரி தன் சொந்தத் தம்பியை விவரிக்கவில்லை. மனுஷனைப் பற்றி எழுதக் கை வராத இடத்தில் மிருகத்தைப் பற்றி எழுதிவிடுகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு டைப் மட்டும் அடித்திருப்பேன்.

காவலாளி ராணுவத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கச்சர் படையில் இருந்தார். கச்சர் என்றால் கோவேறு கழுதை. லாரி ஏற முடியாத மலைப்பாதையில் குண்டுப் பெட்டியும் மண்ணெண்ணெயும் அரிசியும் அதன் முதுகில்தான் போகும். ஒரு கச்சருக்கு ஓர் ஆள். அந்த ஆளுக்கு ராணுவத்தில் டிரைவர் என்று பெயர். ஊரில் கேட்டவர்கள் லாரி டிரைவர் என்று நினைத்துக்கொண்டார்கள். இவரும் திருத்தவில்லை. திருத்தினால் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? படிப்பு ஏறாத பையனை எங்கள் பக்கத்தில் 'கழுதை மேய்க்கத்தான் லாயக்கு' என்றுதான் திட்டுவார்கள். பதினைந்து வருஷம் தேசத்துக்காக அதைத்தான் செய்தேன் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல முடியுமா?

மூன்றாவது நோட்டின் நடுவில் இருந்தது அந்த அத்தியாயம். இன்றைக்கும் அதை வரிக்கு வரி என்னால் சொல்ல முடியும்.

விடிந்து கொஞ்ச நேரம். சாமானை மேலே இறக்கிவிட்டு வெறும் கச்சர்களோடு வரிசையாகக் கீழே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் இவரும் இவருடைய கூட்டாளியும். கூட்டாளி திருப்போரூர் பக்கத்து ஆள், இவரைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரே மாவட்டம், ஒரே பேச்சு என்பதால் இருவரும் அண்ணன் தம்பி மாதிரி. பாதை இரண்டு கை அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். குண்டு விழுந்தது. இவருடைய கச்சர் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கூட்டாளிக்குத் தொடையில் அடி. பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய கச்சர் ஓடவில்லை. பாதையை அடைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அவர் எழுதியிருந்தது இது:

"நான் கிட்ட போனேன். அது பின்பக்கத்தத் திருப்பி ஒதச்சிச்சி. தோள்ல பட்டு விழுந்தேன். எழுந்து மறுபடியும் போனேன். மறுபடியும் ஒதச்சிச்சி. பாக்கெட்ல வெல்லம் இருந்திச்சி, நீட்டினேன். திரும்பிக்கூட பாக்கல. துப்பாக்கிய எடுத்து அது தலைக்கு நேரா வெச்சேன். அண்ணன் பாத்துட்டாரு. 'சுட்டுடாதடா, அதுக்கு இன்னா தெரியும் பாவம்' னாரு. துப்பாக்கிய எறக்கிட்டேன். அவரு அத்த போ போன்னு சொன்னாரு. அவரு பேசப் பேச அது இன்னும் அவுருகிட்ட நெருங்கி நின்னுச்சி. கீழ ரத்தம் வந்துகினே கீது. நான் மறுபடியும் துப்பாக்கிய எடுத்தேன். 'வேணான்டா' னாரு. அப்பறம் அவரு பேசல. கொஞ்ச நேரம் கழிச்சி கச்சர் தலையத் தூக்கி என்னப் பாத்துச்சி. அதுவா நவுந்து வழி வுட்டுச்சி. நான் போயி தொட்டப்ப அண்ணன் இல்ல."

பாறை மறைத்ததால் கீழே வளைவில் இருந்தவர்களுக்குக் கூட்டாளியும் தெரியவில்லை, கச்சரும் தெரியவில்லை. இவர் மட்டும் துப்பாக்கியோடு சும்மா நிற்பது தெரிந்தது. அவர்கள் ஏறி வந்தபோது கச்சர் எல்லாக் கச்சரையும் போல ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அடிபட்ட ஆளிடம் போகப் பயந்துகொண்டு நின்றான் என்று பேச்சு கிளம்பியது. அதையும் இவர் எழுதியிருந்தார், ஒரே ஒரு வரியில்.

இதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிப்பு வந்தது. கார்கில் கார்கில் என்று நாடே மார்தட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அந்த நேரத்தில் ஒரு வீரரைக் கழுதை உதைத்துத் தள்ளியது என்று புத்தகம் வந்தால் கருங்குழியில் இந்த மனுஷன் தெருவில் நடக்க முடியுமா? அவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன பேசுவார்கள்? அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நானே முடிவு செய்துகொண்டேன். புத்தகம் முழுக்கக் கச்சரை 'மலைக்குதிரை' ஆக்கினேன். இந்த அத்தியாயத்துக்குக் குதிரைகூடப் போதாது என்று பட்டது. பனிச்சிறுத்தையைப் போட்டேன்.

'பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இரு கனல் விழிகள் தோன்றின' என்று ஆரம்பித்தேன். எழுத எழுத எனக்கே புல்லரித்தது. சிறுத்தை என்று ஆன பிறகு 'சுட்டுடாதடா' என்பது ஒட்டவில்லை. சிறுத்தையைச் சுடாதே என்று எவன் சொல்வான்? அதை எடுத்துவிட்டேன். அப்படியானால் ஏன் சுடவில்லை என்று கேள்வி வருமே? குளிரில் துப்பாக்கி இறுகிப்போனது என்று ஒரு வரி சேர்த்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. வாழ்க்கையில் நான் எழுதி அச்சில் வந்த ஒரே நல்ல பக்கம் அதுதான் என்று அன்றைக்கு ராத்திரி என் மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புரூஃப் எடுத்து ஆளிடம் கொடுத்து, படித்துப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொல்வோம். கல்யாணப் பத்திரிகையில் மாமனார் பெயரை விட்டுவிட்டால் யார் தலை உருளுவது என்பதற்காக. அவரிடமும் கொடுத்தேன். பேனாவை வாங்கி, ஒரு பக்கத்தையும் பார்க்காமல், கடகடவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார்.

"படிச்சுப் பாருங்க அண்ணே. கொஞ்சம் அங்கங்க மெருகேத்தியிருக்கேன்."

"வேணாம் சார். ஒரு தபா எழுதுனதே போதும். இன்னொரு தபா அத்த படிக்க முடியாது. நீ படிச்ச ஆளு, நீ பாத்தா செரியா இருக்கும்."

மெருகு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டதால் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். முப்பத்தொன்றாம் பக்கத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. புத்தகம் வந்த அன்று, நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அச்சில் வந்துவிட்டதே, இது எதற்கு என்று அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அந்த மாசக் கடைசியில் கழிவுத் தாளோடு சேர்த்து நான் அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. நான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினேன். அவர் சீருடையோடு உள்ளே வந்து, புத்தகத்தை மேஜைமேல் திறந்து வைத்தார்.

"இதுல சிறுத்த எங்கேந்து வந்துச்சி சார்?"

குரல் உயரவில்லை.  உளறினேன். படிக்கிறவங்க நம்பணும், உங்க கௌரவம், ஊர்ல கேலி பண்ணுவாங்க என்று ஏதேதோ சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அந்த ஒரு ஆள் யார் என்று எனக்குச் சொன்னார்.

கூட்டாளியின் மனைவி. கேளம்பாக்கத்தில் இருக்கிறார். புருஷன் போன பிறகு அரசாங்கம் கொடுத்த எஸ்டிடி பூத்தை வைத்துப் பிழைக்கிறார். செத்துப்போனவருடைய டிரங்குப் பெட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான். வாசலில் கூட்டம். சாவதைக் கூடவே நின்று வேடிக்கை பார்த்தவன் இவன்தான் என்று அதற்குள் யாரோ கடிதம் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் சட்டையைப் பிடித்தார்கள். "கச்சர் வுடல அண்ணி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குமேல் வாய் வரவில்லை, வந்துவிட்டார். வாயால் சொல்ல வராததை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியதுதான் அந்த மூன்று நோட்டு. காக்கையும் ஆடும் அந்த ஒரு பக்கத்துக்குப் போய்ச் சேர அவர் நடந்த தூரம். முதல் காப்பியை அவர்தான் பஸ் ஏறிப் போய்க் கொடுத்திருக்கிறார். நேற்று மறுபடியும் போனபோது, அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனிமேல் இங்கே வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"அன்னிக்கு கச்சர்னு சொன்னேன். பொஸ்தகத்துல சிறுத்தன்னு கீது. துப்பாக்கி வேல செய்யலன்னு வேற போட்டுகீற. அன்னிக்கே வாங்கிப் பாத்தாங்க, அது நல்லா வேல செஞ்சதுன்னு பட்டாலியன் முழுக்க தெரியும் சார். வந்த கடுதாசியில இருந்திச்சி, அண்ணிக்கும் தெரியும்."

தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"அண்ணன் சொன்னத ஏன் சார் எடுத்த?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? ஒட்டவில்லை என்றா?

"நோட்டக் குடு. அத்தயே எடுத்துகினு போயி காட்டறேன்."

பழைய பேப்பர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் கை விரித்தார். அந்த லோடு போய் ஒரு வாரமாகிவிட்டது, இந்நேரம் எந்த ஊர் மளிகைக் கடையில் என்ன பொட்டலமாக இருக்கிறதோ என்றார். காவலாளி தெருவுக்கு இறங்கினார். வங்கி திறக்கும் நேரம் ஆகிவிட்டது. "நீயே போயி சொல்லு சார். நீ பண்ணதுதானே. நீ சொன்னா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்போரூர் பஸ் பிடித்து, அங்கிருந்து கேளம்பாக்கம் போனேன். பஸ்ஸில் முழு நேரமும் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தத்தில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ சத்தத்துக்கு நடுவில் மஞ்சள் போர்டு தெரிந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் யாரோ மேஸ்திரி எந்த ஊருக்கோ கத்திப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்துப் போகும்வரை காத்திருந்தேன்.

அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிறுத்தையைப் போட்டது நான், துப்பாக்கி இறுகியது என்று எழுதியது நான், அவர் எழுதியது கச்சர்தான், அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், நோட்டை நான் எடைக்குப் போட்டுவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அந்த அம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு இன்லேண்டு கடிதங்களை எடுத்தார். பிரிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு எழுதுனது சார். எல்லாத்துலயும் அந்த கழுத பேச்சுதான். என்னத் தவிர யாரயும் கிட்ட சேக்காது, வேற ஆளு வந்தா ஒதைக்கும்னு எழுதிகீறாரு. படிச்சி எனக்கு கோவமாக்கூட வரும். பொட்டி கொண்டாந்த அன்னிக்கு அவரு வாசல்ல நின்னுகினு கச்சர் வுடலன்னு சொன்னப்ப, அங்க இருந்தவங்க யாருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சிது. ரெண்டு வருசமா யார் இன்னா சொன்னாலும் அவர நான் தப்பா நெனக்கல சார். உங்க பொஸ்தகத்தப் படிச்ச அப்பறம்தான் நெனச்சேன்."

 அவருக்குச் சாட்சியே தேவைப்பட்டிருக்கவில்லை. புத்தகமே தேவைப்பட்டிருக்கவில்லை.

"அதான் நான் வந்து சொல்றேனேம்மா. தப்பு என்னுது."

"அவரு அனுப்புனாரா?"

"ஆமா."

"கூடவே இருந்தவரு சார். அந்த கழுத எப்டின்னு அவருக்கும் தெரியும். அத்த சொன்னா நான் நம்புவேன்னும் தெரியும். மொதல்ல அத்த சொன்னாரு. அப்பறம் சிறுத்தன்னாரு. நான் வராதீங்கன்னதும் உங்கள அனுப்பி மறுபடியும் கழுதன்றாரு. நான் எத்தினி தபா சார் மாத்தி மாத்தி நம்பறது?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அதற்கு நேராக நிற்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னால் நம்பிவிடுவார் என்று உறுதியாக நினைத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் கடைசியா ஒண்ணு சொன்னாரும்மா. நோட்டுல இருந்தது. நான்தான் அதை எடுத்துட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 

"இவரு துப்பாக்கியை எடுத்தப்ப, 'சுட்டுடாதடா, அதுக்கு இன்னா தெரியும் பாவம்' னு சொன்னாரு. ரெண்டாவது தடவையும் வேணாம்னு சொன்னாரு. அதனாலதான் இவரு சுடலை."

கூண்டுக்குள் போன் மணி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அவர் முகம் ஒரு கணம் அப்படியே உடைந்துவிடும் போல ஆனது, நான் பார்த்தேன். பிறகு அது மெதுவாக மூடிக்கொண்டது.

"நல்லாத்தான் கீது சார்" என்றார். "இதுவும் நீங்க எழுதுனதா?"

இல்லை, இல்லை என்று நான் சொன்னதெல்லாம் எனக்கே பொய் மாதிரி கேட்டது. அதற்குள் இரண்டு பேர் போன் பேச வந்து நின்றார்கள். அவர் கடிதங்களை இழுப்பறையில் வைத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

செங்கல்பட்டில் இறங்கும்போது நாலரை மணி. வங்கி வாசலில் அவர் ஸ்டூலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ரோட்டைக் கடந்து போவதற்குள் என் மனசில் ஒரு பொய் தயாராகிவிட்டது. நம்பிட்டாங்க, அழுதாங்க, உங்களை வரச் சொன்னாங்க. கோர்வையாக, கச்சிதமாக வந்தது. அந்தத் திறமையை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கடிதக் கட்டு, அந்த அம்மா இரண்டு வருஷம் நம்பியது, மாத்தி மாத்தி நம்பறது என்று கேட்டது, கடைசியில் என்னிடம் கேட்ட கேள்வி, எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அண்ணன் சொன்னத சொன்னியா?"

"சொன்னேன் அண்ணே. நான் எழுதினதான்னு கேட்டாங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். துப்பாக்கியை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.  நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அப்ப நான் அன்னிக்கு அந்த கச்சர சுட்டே இருக்கலாம் சார்" என்றார்.